ஒன்றை அழைத்தால் ஒன்பது வரும்: மென்பொருளை நிறுவும் முன் விசாரியுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாரிட் புந்தாரில் நெல் வயல் வைத்திருக்கும் ஒருவரிடம், "உங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வயலோரத்து வாய்க்காலை மட்டும் காட்டிவிட்டு நிறுத்த மாட்டார். வாய்க்காலுக்குப் பெரிய கால்வாயில் இருந்து வருகிறது, கால்வாய்க்குப் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தில் இருந்து வருகிறது, நீர்த்தேக்கத்துக்குக் குராவ் ஆறு கொண்டுவருகிறது, ஆற்றுக்கு மலைக்காட்டு மழை கொடுக்கிறது என்று வரிசையாகச் சொல்வார். 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இன்றும் இந்த வட்டாரத்தின் உயிர்நாடி. மேலே மழை பொய்த்தாலும், நடுவில் ஒரு மதகு அடைத்துக்கொண்டாலும், கீழே நாற்று நட முடியாது என்பது அந்த விவசாயிக்குத் தெரியும்.

அவர் வீட்டுப் பிள்ளை கணினியின் முன் உட்கார்ந்து ஒரு புதிய மென்பொருளை நிறுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு நீண்ட பட்டியல் ஓடுகிறது. கடைசியில் "தொடரலாமா?" என்று ஒரு கேள்வி நிற்கிறது. பட்டியலைப் படிக்காமலே "ஆம்" என்ற பொத்தானைத் தட்டி விடுகிறது பிள்ளை. தண்ணீர் எந்த ஆற்றில் இருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் வயலில் இருக்கிறது. அந்தப் பழக்கம் கணினி மேசைக்கு வந்து சேரவில்லை. இன்றைய உரையின் பொருள் இதுதான்.

இது கணினி படித்தவர்களின் தலைவலி, நமக்கென்ன என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். மளிகைக் கடையின் கணக்கு இன்று கணினியில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்களின் பெயர்ப் பட்டியல் கணினியில் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தின் நன்கொடையாளர் முகவரிகளும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கணினியில் யாரை உள்ளே விடுகிறோம் என்பது அத்தனை குடும்பங்களையும் தொட்டு வரும் விஷயமாகும்.

மாப்பிள்ளையும் உறவுக்காரர்களும்

மென்பொருளை உருவாக்குகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒரு துண்டு நிரல், படத்தைச் சுருக்க இன்னொன்று, இணையத்தோடு பேச மற்றொன்று என்று பிறர் எழுதி வைத்தவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இப்படிக் கட்டி வைத்திருக்கும் ஒவ்வொன்றையும் 'பேக்கேஜ்' என்பார்கள். தமிழில் பொதி எனலாம். ஒரு பொதி இயங்குவதற்கு வேறு பொதி தேவைப்பட்டால், அந்த இரண்டாவது பொதியைச் சார்புப் பொதி என்று சொல்கிறோம். அந்தச் சார்புப் பொதிக்கும் தனக்கென்று சார்புகள் இருக்கும்.

பெண் கொடுக்கும் முன் நம் பெரியவர்கள் மாப்பிள்ளையை மட்டுமா பார்த்தார்கள்? அண்ணன் தம்பி எப்படி, மாமன் யார், வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று பத்து பேரிடம் விசாரித்தார்கள். தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளையோடு அத்தனை உறவும் வாசலில் வந்து நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மென்பொருளும் அப்படித்தான். நீங்கள் அழைத்தது ஒன்று. வந்து இறங்குவது சில நேரம் பத்து, சில நேரம் சில நூறு. வருகின்ற ஒவ்வொன்றும் நீங்கள் அழைத்த பொதிக்குக் கிடைக்கும் அதே உரிமையோடு உங்கள் கணினியில் ஓடுகிறது.

தமிழ் நேயர்களுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். தமிழில் ஒரு மின்னஞ்சல் வரும். திறந்தால் திரை முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது புரியாத குறிகளாகத் தெரியும். அனுப்பியவர் எந்த எழுத்துருவில் எழுதினாரோ அதே எழுத்துரு உங்கள் கணினியிலும் இருந்தால்தான் கடிதத்தைப் படிக்க முடியும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய முரசு அஞ்சலை நிறுவிக்கொண்டு நிம்மதி அடைந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்திலும் எழுத்துருவும் குறியாக்கமும்தான் பெரிய பேச்சாக இருந்தன. சார்பு என்ற சொல்லை அறியாமலே சார்பு இல்லாத துன்பத்தை அனுபவித்த தலைமுறை அது.

இன்று யூனிகோடு வந்து அந்தத் துன்பம் தீர்ந்துவிட்டது. சார்பு மட்டும் தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விட்டது. 'கொ' என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதைச் சேமிக்கும்போது முதலில் 'க', அதன் பின்னால் ஓர் உயிர்க்குறி என்றுதான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் 'க'வுக்கு முன்னாலும் மறு பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ப்பஸ் என்ற ஒரு திறமூல நிரல். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியிலும், குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளிலும், லிப்ரே ஆபிஸ் மென்பொருளிலும் அது உள்ளே இருக்கிறது. எழுத்தின் வடிவத்தைத் திரையில் வரைந்து தருவதற்கு ஃபிரீடைப் என்று இன்னொரு நிரல் பல இடங்களில் உதவுகிறது. தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்ய, பெயர்கூடக் கேள்விப்படாத எத்தனை பேருடைய உழைப்பை நம்பி இருக்கிறோம் பாருங்கள்.

படிக்காமல் "ஆம்" சொன்னால்

லினக்ஸ் வகைக் கணினிகளில் டெபியன், உபுண்டு போன்றவற்றைப் பலர் அறிவார்கள். அவற்றில் 'ஆப்ட்' என்ற கருவி பொதிகளை நிறுவித் தருகிறது. நல்ல பழக்கம் உள்ள கருவி அது. நீங்கள் கேட்ட பொதியோடு வேறு பொதிகளும் வர வேண்டியிருந்தால், அவற்றின் பெயர்களை வரிசையாகக் காட்டும். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லும். ஏற்கெனவே இருக்கும் எதையாவது நீக்க வேண்டியிருந்தால் அதையும் தனியாகக் காட்டும். அதன் பிறகே உங்கள் அனுமதியைக் கேட்டு நிற்கும்.

அந்தப் பட்டியலைப் படிக்காததால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன் என்பவர் கணினிச் சாதனங்களைப் பற்றிக் காணொளி தயாரிப்பதில் பெரும் புகழ் பெற்றவர். 2021ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ஒரு காணொளியில், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் கணினியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். அப்போது அந்தப் பொதியின் சார்புகளில் ஒரு முரண்பாடு இருந்தது. ஸ்டீம் உள்ளே வர வேண்டும் என்றால் கணினியின் திரை முகப்பே வெளியேற வேண்டும் என்று கருவி கணக்குப் போட்டது. நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைக் காட்டி, இது ஆபத்தானது என்று எச்சரித்தது. உறுதியாக வேண்டும் என்றால் "ஆம், நான் சொல்வதைச் செய்" என்று முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டச்சு செய்தார். திரை முகப்பு போய், வெறும் எழுத்துத் திரை மட்டும் மிஞ்சியது.

அதைப் பார்த்து உலகம் சிரித்தது. தவறு முழுவதும் அவருடையது என்று சொல்லவும் முடியாது. விளையாட்டு ஒன்றை நிறுவ வந்தவருக்கு அப்படி ஒரு முரண்பாடான பொதியை வழங்கியிருக்கக் கூடாது என்பதும் நியாயமே. பின்னர் ஆப்ட் கருவியிலும், இன்றியமையாத பொதிகளை அவ்வளவு எளிதில் நீக்கவிடாமல் திருத்தம் செய்தார்கள். ஆனாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கருவி தன் கடமையைச் செய்து பட்டியலை நீட்டியது. அதைப் படிக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

அரை விநாடியில் சிக்கிய திருடன்

அங்கே போனது ஒருவருடைய திரை மட்டும்தான். அடுத்து வரும் கதையில், உலகின் எண்ணற்ற கணினிகளின் வாசல் கதவே திறந்துபோக இருந்தது.

தொலைவில் இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கு ஓப்பன் எஸ்எஸ்எச் என்ற மென்பொருளை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். வங்கி, பல்கலைக்கழகம், அரசாங்க அலுவலகம் என்று எங்கு பார்த்தாலும் இருக்கும் வாசல் கதவு அது. மிகுந்த கவனத்தோடு பராமரிக்கப்படும் மென்பொருள். அந்தக் கதவை உடைப்பது கடினம் என்பதை உணர்ந்த யாரோ சிலர், கதவை விட்டுவிட்டு, கதவின் கீலைச் செய்து தரும் பட்டறைக்குள் நுழைந்தார்கள்.

எக்ஸ்-இசட் யூட்டில்ஸ் என்று ஒரு சிறிய பொதி இருக்கிறது. கோப்புகளைச் சுருக்குவது அதன் வேலை. ஓப்பன் எஸ்எஸ்எச் அதை நேரடியாகச் சார்ந்திருக்கவே இல்லை. ஆனால் டெபியன் போன்ற சில லினக்ஸ் வகைகளில், சிஸ்டம்-டி என்ற பகுதியோடு இணைந்து வேலை செய்வதற்காக ஓப்பன் எஸ்எஸ்எச்சில் ஒரு சிறு மாற்றம் செய்திருந்தார்கள். அந்தப் பகுதியின் நூலகம் எக்ஸ்-இசட் நூலகத்தைச் சார்ந்திருந்தது. சம்பந்தியின் சம்பந்தி என்பார்களே, அந்த உறவு. பட்டியலைத் தேடிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும் உறவு.

அந்தச் சிறிய பொதியைப் பல ஆண்டுகளாக ஒருவர்தான் ஊதியம் இல்லாமல் கவனித்து வந்தார். 2021ஆம் ஆண்டில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பணிவாகப் பேசினார், நல்ல திருத்தங்களைச் செய்து கொடுத்தார். இன்னொரு பக்கம் வேறு சில பெயர்களில், வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்று பழைய பொறுப்பாளரை நெருக்கினார்கள். உடல்நலமும் மனமும் சோர்ந்திருந்த நேரத்தில் அவர் புதியவரை நம்பிப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தார். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அந்தப் புதியவர் ஒரு கள்ளக் கதவைப் புதைத்து வைத்தார். ஜியா டான் என்பது உண்மையில் யார் என்பது இன்றளவும் பொதுவெளிக்கு வரவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் காவல்துறையும் இல்லை, உளவுத்துறையும் இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியியலாளர். வேறு ஏதோ ஒரு வேகச் சோதனையைச் செய்துகொண்டிருந்தபோது, கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடாமல், ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி, பெரிய வெள்ளியன்று, தாம் கண்டதை உலகுக்கு அறிவித்தார். அப்போது அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலையில் இருந்த லினக்ஸ் வகைகளையே எட்டியிருந்தன. நிலையான பதிப்புகளை வைத்திருந்த கோடிக்கணக்கான கணினிகள் தப்பின.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. சார்புகளின் பட்டியல் என்பது வெறும் பொருள்களின் பட்டியலாக இருப்பதில்லை, அது மனிதர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் தூங்கி எழும், சோர்ந்து போகும், ஏமாறக்கூடிய ஒரு மனிதர் இருக்கிறார். இரண்டாவதாக, புதிய பதிப்பு வந்த அன்றே ஓடிப்போய் நிறுவியவர்களைவிட, பொறுத்திருந்தவர்களே அன்று பாதுகாப்பாக இருந்தார்கள்.

திறந்த கிடங்கில் நடப்பவை

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுகிறவர்களுக்கு என்பிஎம் என்ற பொதுக் கிடங்கு இருக்கிறது. பைத்தான் மொழிக்கு பைபிஐ என்ற கிடங்கு. யார் வேண்டுமானாலும் பொதியைக் கொண்டுவந்து வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அறிவைப் பகிர்ந்துகொள்ளும் அருமையான ஏற்பாடு இது. சந்தை திறந்திருந்தால் முடிச்சவிழ்ப்பவனும் வருவான் என்பது மட்டும்தான் குறை.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்த நிரலாளர் ஒருவர் தம் பொதிகளை எல்லாம் என்பிஎம் கிடங்கில் இருந்து எடுத்துவிட்டார். அவற்றில் லெப்ட்-பேட் என்ற ஒன்று, வெறும் 11 வரி நிரல். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அந்த 11 வரி காணாமல் போனதும், உலகம் முழுவதும் பெரிய பெரிய மென்பொருள்களின் கட்டுமானம் நின்றுவிட்டது. சில மணி நேரத்தில் கிடங்கு நிர்வாகம் அதைத் திரும்ப வைத்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

2017ஆம் ஆண்டில் அதே கிடங்கில், கிராஸ்-என்வ் என்ற புகழ்பெற்ற பொதியின் பெயரில் நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒருவர் போலிப் பொதி வைத்திருந்தது அம்பலமானது. அவசரத்தில் ஒரு குறியை விட்டுத் தட்டச்சு செய்தவர்களின் இரகசியக் குறிப்புகள் அவருக்குப் போயின. 2018ஆம் ஆண்டில் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியின் உரிமையாளர், உதவ வந்த முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுத்தார். புதியவர் அதோடு ஒரு புதிய சார்பைச் சேர்த்தார். அந்தச் சார்புக்குள் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரல் ஒளிந்திருந்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில், வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்படும் 18 பொதிகளின் பொறுப்பாளர் ஒரு போலி மின்னஞ்சலில் ஏமாந்தார். உங்கள் கணக்கின் பாதுகாப்பைப் புதுப்பியுங்கள் என்று வந்த கடிதம் அது. சில மணி நேரத்துக்கு அந்தப் பொதிகள் அனைத்திலும் திருட்டு நிரல் ஏறியிருந்தது.

இப்போது புதிதாக இன்னொரு வழி திறந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நிரல் எழுதித் தரச் சொல்கிறார்கள் மாணவர்கள். அந்தக் கருவிகள் சில நேரம் இல்லாத பொதியின் பெயரை இருப்பதுபோலவே எழுதித் தருகின்றன. அப்படி வழக்கமாக வரும் பொய்ப் பெயரைக் கண்டறிந்து, அதே பெயரில் ஒரு பொதியைக் கிடங்கில் வைத்துக் காத்திருக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். கருவி சொன்னது என்பதற்காக நிறுவுவது, முகவரி கேட்ட இடத்தில் யாரோ கையைக் காட்டிய வீட்டுக்குள் நுழைவது போன்றது.

கைத்தொலைபேசியும் விலக்கு அன்று

கணினியில் நிரல் எழுதாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கைத்தொலைபேசிச் செயலிகளும் பிறர் செய்த துண்டுகளைச் சேர்த்தே கட்டப்படுகின்றன. விளம்பரம் காட்டுவதற்கு ஒன்று, சிறு விளையாட்டுக்கு ஒன்று என்று. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்பின்ஓகே என்ற அப்படிப்பட்ட துண்டு ஒன்று தொலைபேசியில் உள்ள கோப்புகளை வெளியே அனுப்பும் வல்லமை கொண்டது என்று டாக்டர் வெப் என்ற ரஷ்யப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. கூகிள் பிளே கடையில் இருந்த 101 செயலிகளில் அது இருந்தது. அவை மொத்தம் 42 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தன. செயலியைச் செய்தவர்களில் பலருக்கே உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பது தெரியாமல் இருந்திருக்கக் கூடும்.

இந்த நாட்டில் ஏபிகே கோப்பு மோசடி எத்தனை குடும்பங்களை அழவைத்தது என்பது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். வீடு சுத்தம் செய்து தருகிறோம் என்றும், திருமண அழைப்பிதழ் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை அழுத்தியவர்களின் வங்கிக் கணக்கு காலியானது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைவிட்டு, வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளை 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா பணித்ததற்கு இப்படிப்பட்ட மோசடிகளும் ஒரு காரணம். அதிகாரப்பூர்வக் கடைக்கு வெளியே இருந்து வரும் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி உதவி மையத்தையோ அழையுங்கள்.

எப்படி விசாரிப்பது?

நம் இல்லத்தரசிகளைப் பாருங்கள். பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கிறார்கள். ஜெலட்டின் இருக்கிறதா, மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூடையில் போடுகிறார்கள். மென்பொருளுக்கும் தேவை அந்தப் பழக்கமே. செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

முதலில், பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் என்ன பெயர் இருக்கிறதோ, அதுவே நீங்கள் தட்டச்சு செய்த பெயரா என்று பாருங்கள்.

இரண்டாவதாக, ஒத்திகை பாருங்கள். ஆப்ட் கருவியில் உண்மையாக நிறுவாமல் பட்டியலை மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. பைத்தானின் பிப் கருவியிலும் என்பிஎம் கருவியிலும் 'டிரை ரன்' என்ற பெயரில் ஒத்திகை உண்டு. ஒரு சிறு எச்சரிக்கை: பைத்தானில் மூல வடிவில் வரும் சில பொதிகள், ஒத்திகையின்போதே தங்கள் நிரலைக் கொஞ்சம் ஓட்டிவிடக் கூடும். ஆகவே கிடங்கின் பக்கத்தில் பொதியைப் பற்றிப் படித்துவிட்டு ஒத்திகைக்குப் போவது நல்லது. என்பிஎம் பொதிகளில் நிறுவும் நொடியிலேயே தானாக ஓடும் நிரல் இருக்கக் கூடும். அதை ஓடவிடாமல் தடுத்து வைக்கும் வசதி அந்தக் கருவியிலேயே இருக்கிறது.

மூன்றாவதாக, நீக்கப்படும் பொதிகள் என்று ஏதாவது பட்டியல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒன்றைச் சேர்க்கப் போய் எதை இழக்கிறோம் என்று தெரிந்த பிறகு தொடருங்கள்.

நான்காவதாக, ஆளை விசாரியுங்கள். யார் கவனிக்கிறார்? கடைசியாக எப்போது திருத்தினார்? அண்மையில் பொறுப்பு கைமாறியதா? நேற்று முளைத்த பொதியா, பல ஆண்டுகளாகப் பலர் பயன்படுத்துவதா? கிடங்கின் பக்கத்தில் இவற்றுக்குப் பெரும்பாலும் விடை இருக்கும்.

ஐந்தாவதாக, இது தேவைதானா என்று கேளுங்கள். 11 வரியை நாமே எழுதிக்கொள்ள முடியும் என்றால் எதற்கு ஒரு விருந்தாளி? குறைந்த உறவு, குறைந்த வம்பு.

ஆறாவதாக, அவசரம் வேண்டாம். வேலை சரியாக நடக்கும் பதிப்பின் எண்ணைக் குறித்து, அதிலேயே நிறுத்தி வையுங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவித்து வருவதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றப் புதுமைகள் சில நாட்கள் காத்திருக்கலாம்.

ஏழாவதாக, என்னென்ன நிறுவப்பட்டது என்ற பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது ஏன் முக்கியம் என்பதை 2021ஆம் ஆண்டு டிசம்பர் காட்டியது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களில் பரவலாக இருக்கும் லாக்-போர்-ஜே என்ற துண்டில் பெரிய ஓட்டை தெரியவந்தது. ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டார்கள். திருத்தம் விரைவிலேயே வந்தது. ஆனால் உலகெங்கும் நிறுவனங்கள் நாள்கணக்கில் தேடியது ஒரே கேள்விக்கு விடை: "அது எங்களிடம் இருக்கிறதா?" பட்டியல் வைத்திருந்தவர்கள் விரைவாகப் பார்த்துவிட்டார்கள். வைத்திருக்காதவர்கள் ஒவ்வொரு கணினியாகத் துழாவினார்கள்.

இந்தப் பட்டியலைச் சட்டமாக்கும் முயற்சிகளும் நடந்து வருகின்றன. அரசாங்கத்துக்கு விற்கப்படும் மென்பொருளில் இந்த உள்ளடக்கப் பட்டியலை வழங்கும் வழக்கத்தை அமெரிக்கா 2021ஆம் ஆண்டு மே மாத ஆணை ஒன்றின் வழி முன்னெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தற்காப்புச் சட்டம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027ஆம் ஆண்டு டிசம்பரில் முழுமையாகப் பொருந்தும். மலேசியாவிலும் 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் தேதி நடப்புக்கு வந்து, நாட்டின் முக்கியத் துறைகளை நடத்துகிறவர்கள் மீது பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. பாரிட் புந்தாரின் கடைக்காரருக்கும் கோயில் செயலாளருக்கும் இந்தச் சட்டங்கள் நேரடியாக உதவிக்கு வரப்போவதில்லை. கணினியைப் பழுது பார்க்க வருகிறவரிடம், "என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தம்பி" என்று கேட்க எந்தச் சட்டமும் தேவையில்லை. கேட்பதே பாதி காவல்.

பயம் வேண்டாம், பொறுப்பு வேண்டும்

இவ்வளவும் கேட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருளே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். அப்படி நினைத்தால் கோணலான முடிவாகிவிடும். எக்ஸ்-இசட் திருடன் பிடிபட்டது, நிரல் திறந்து கிடந்ததால்தான். பூட்டிய பெட்டிக்குள் இருந்திருந்தால் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் எப்படித் தோண்டிப் பார்த்திருப்பார்? காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குள்ளும் இதே பொதிகள்தான் இருக்கின்றன. அங்கே பட்டியலைப் பார்க்கும் வசதிகூடப் பல நேரம் கிடையாது.

ஆற்றுக்கு அப்பால் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. தோட்டப்புறத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அப்படிப்பட்ட வளாகங்களில் இன்று கணினியும் மின்னியலும் படிக்கிறார்கள். நாளை அவர்கள் பொதிகளை எடுப்பவர்களாக மட்டும் இல்லாமல், பொதிகளைச் செய்து கொடுப்பவர்களாகவும் இருப்பார்கள். தமிழ் எழுத்துருவுக்கும் தமிழ் எழுத்துப் பிழைத்திருத்திக்கும் கைகள் தேவைப்படுகின்றன. கவனிக்க ஆள் இல்லாத பொதி, கரை உடைந்த கால்வாய். தனி ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு ஊரே குடிக்கும் தண்ணீரில் விஷம் கலப்பது எளிது. இரண்டு பேர், மூன்று பேர் முறை வைத்துக் காவல் நின்றால் கலப்பது கடினம்.

பெற்றோர்களே, பிள்ளை "ஆம்" என்று தட்டப் போகும்போது, "யார் யாரை வீட்டுக்குள் விடுகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை பட்டியலை உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும். வாய்விட்டுப் படிக்கும்போதே பாதி சந்தேகம் அதற்கே வந்துவிடும்.